குழாயைத் தின்னும் ஒழுக்கு

நம் விடுதி வாயிலிலிருந்து நூலகத்துக்குச் செல்லும் பாதையில், வேப்ப மரத்தடியில், சென்ற ஆண்டுக் கோடை முழுவதும் ஓர் ஈரத்திட்டு இருந்தது நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். காலையிலும் மாலையிலும் தண்ணீர் விடும் நேரத்தில் அது சிறு குட்டையாகும். மற்ற வேளைகளில் வெறும் சேறாகக் கிடக்கும். மைனாக்கள் அதில் குளித்தன. நாம் செருப்பு நனையாதபடி தாண்டிச் சென்றோம். பூமிக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாய் எங்கோ ஒழுகுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. ஒருவராவது அதை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. பௌதிகம் பயிலும் மாணவனாகிய நானும் எழுதிக் கொடுக்கவில்லை.

எங்கள் ஊர் இராமநாதபுரம் பக்கத்தில் உள்ளது. குடம் தண்ணீருக்காக நெடுந்தொலைவு நடப்பவர்களை அங்கே இன்றும் காணலாம். ஒரு நாள் தொலைபேசியில் அம்மாவிடம், "இங்கே தண்ணீர் ரோட்டிலேயே ஓடுகிறது" என்று பெருமையாகவே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "ஒழுகுற பானையை எவளாவது அடுப்படியில வச்சுக்கிட்டு இருப்பாளாடா? அது ஒழுகுறதோட நிக்காது. ஒரு நாள் பானையே போயிடும்" என்றார். பட்டணத்துக் குழாய்க்கும் மண்பானைக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணிக்கொண்டேன்.

சம்பந்தம் உண்டு என்பதை ஆகஸ்டு மாதம் கண்டேன். மழை பெய்த ஓர் இரவில் வேப்ப மரத்தடியில் பாதை உள்வாங்கிக் குழாய் உடைந்தது. மிஸ்திரி வந்து ரப்பர் சுற்றிக் கட்டி மண்ணைத் தள்ளி மூடினார். மூன்றே வாரத்தில், கட்டிய இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி, அதே குழாய் மீண்டும் உடைந்தது. முதல் உடைப்பைச் சரி செய்தாயிற்றே, பக்கத்தில் ஏன் உடைய வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னைப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது. ஒழுக்கினால் தண்ணீர் வீணாகிறது என்பது யாவரும் அறிந்ததே. ஒழுக்கு குழாயையே அழிக்கிறது என்பதும், குழாயைச் சூழ்ந்த மண்ணையும், இறுதியில் நம் உடம்பையும் அது தொடுகிறது என்பதும் அவ்வளவாக அறியப்படாதவை. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறு துளையின் வலிமை

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிலத்தடிக் குழாயில் 20 மீட்டர் உயர நீரின் அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். அதாவது, 20 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து வரும் நீரின் அழுத்தம். இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டில் கண்ட விதிப்படி, துளையிலிருந்து பாயும் நீரின் வேகம், அதே உயரத்திலிருந்து விழும் கல் அடையும் வேகத்துக்குச் சமம். கணக்கிட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. நெடுஞ்சாலையில் பஸ் செல்லும் வேகம் இது.

துளையின் குறுக்களவு 3 மில்லிமீட்டர் என்க. துளை வழியே வரும் நீர்த்தாரை சற்றுச் சுருங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்தால், மணிக்கு ஏறத்தாழ 300 லிட்டர் வெளியேறும். நாள் முழுவதும் தண்ணீர் ஓடும் குழாயானால் 7,000 லிட்டருக்கு மேல். கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களில் ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது நம் நாட்டு அரசின் கையேடு கூறும் அளவு. ஆக, கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு துளை ஐம்பது பேருடைய தண்ணீரைக் குடித்துவிடுகிறது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது இதற்கும் பொருந்தும் அன்றோ?

ஆனால் நாம் இங்கே கவனிக்க வேண்டியது நீரின் அளவை அன்று, அதன் வேகத்தை. அந்த வேகத்தில் பாயும் நீர் வெட்ட வெளியில் பாயவில்லை, மண்ணுக்குள் பாய்கிறது.

மண் கொதிக்கிறது

சோறு கொதிக்கும் பானையை எட்டிப் பார்த்திருப்பீர்கள். அரிசி மேலே எழும்பும், ஓரத்தில் இறங்கும், மீண்டும் எழும்பும். ஒழுகும் துளைக்கு எதிரே உள்ள மணலும் ஏறத்தாழ இவ்வாறே ஆகிறது. நீரின் விசை மணற்பருக்கைகளைத் தூக்கிப் பிரித்துவிடுவதால் அவை ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்க இயலாமல் நீரோடு சுழலத் தொடங்குகின்றன. கெட்டியான மண் அவ்விடத்தில் குழம்பாகிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் மணலுக்குப் பதிலாகக் கண்ணாடி மணிகளைப் பரப்பி, அடியிலிருந்து நீரைப் பாய்ச்சி, இதைக் கண்ணாலேயே கண்டிருக்கிறார்கள். துளையை ஒட்டிச் சிறு பகுதி மட்டும் சுழல்கிறது. அதற்கு அப்பால் உள்ள மண் அசையாமல் நிற்கிறது. மேலே நடந்து செல்பவனுக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

இதன் முதல் விளைவு தேய்மானம். சுழலும் மணல் தாரையில் சிக்கித் திரும்பத் திரும்பக் குழாயின் வெளிப்புறத்தில் மோதுகிறது. உப்புத்தாள் கொண்டு மரத்தை இழைப்பதுபோல இரவும் பகலும் அது குழாயை இழைக்கிறது. துளையின் ஓரம் மெலிகிறது. மெலிந்த ஓரம் உடைந்து துளை பெரிதாகிறது. பெரிய துளையிலிருந்து இன்னும் அதிக நீர் பாய்ந்து இன்னும் அதிக மணலைச் சுழற்றுகிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போன்றது இது.

இந்த மணல்தாரை தன் குழாயோடு நிற்பதில்லை; பக்கத்துக் குழாயையும் அறுக்கிறது. மலேசியாவில் புதைக்கப்பட்டிருந்த எஃகு எரிவாயுக் குழாய் ஒன்று துளைபட்டதன் காரணத்தை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதன் அருகே சென்ற தண்ணீர்க் குழாய் ஒழுகி, அந்தத் தாரை மணலோடு கலந்து எரிவாயுக் குழாயின் மேல் பாய்ந்து, எஃகையே தேய்த்து ஓட்டையாக்கிவிட்டது என்பது அதன் முடிவு. தண்ணீர்க் குழாயின் சிறு ஒழுக்கு எரிவாயு விபத்துக்கு வித்தாகும் என்று யார் எண்ணுவார்கள்? நம் நகரங்களிலும் இப்போது வீதிக்கு வீதி சமையல் எரிவாயுக் குழாய் புதைத்து வருகிறார்கள். இந்தச் செய்தி நமக்கும் உரியதே.

படுக்கை போன குழாய்

இரண்டாவது விளைவு இன்னும் பெரியது. பூமிக்கடியில் கிடக்கும் குழாய் தன் வலிமையால் மட்டும் நிலைத்திருப்பதில்லை. அதன் அடியில் சீராகப் பரப்பிய மண்ணே அதைத் தாங்குகிறது. நாம் கட்டிலில் படுத்திருப்பதுபோலக் குழாய் மண்படுக்கையில் படுத்திருக்கிறது. ஒழுக்கு அந்தப் படுக்கையை அரிக்கிறது.

அரித்த மண் எங்கே போகும் என்று கேட்கலாம். மண் வெளியேற வழியில்லாவிட்டால் பெரும்பள்ளம் விழாது என்பது உண்மை. ஆனால் நகரத்தில் வழிக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே விரிசல் விட்ட கழிவுநீர்க் குழாய் இருக்கும். இணைப்பு விலகிய மழைநீர்க் கால்வாய் இருக்கும். ஒழுகும் நீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு அவற்றுக்குள் சென்றுவிடுகிறது. நாம் வாழும் இந்தப் பகுதி யமுனை ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் நிலம். நுண்ணிய வண்டலும் மணலும் களிமண்ணைப் போல ஒட்டிக்கொண்டு நிற்பவை அல்ல. எளிதில் கரைந்து செல்லும்.

இவ்வாறு அடியில் வெற்றிடம் ஏற்பட்டால், குழாய் ஆற்றின்மேல் போட்ட பாலம் போலாகிவிடுகிறது. மேலே உள்ள மண்ணின் பாரம், பாதையில் செல்லும் லாரியின் பாரம், உள்ளே உள்ள நீரின் பாரம் யாவும் அந்தப் பாலத்தின் மேல் இறங்குகின்றன. பௌதிக மாணவர்கள் அறிந்த விதி ஒன்று உண்டு. சீராகப் பாரம் ஏற்றிய சட்டத்தில், தாங்கலற்ற நீளம் இருமடங்கானால் வளைக்கும் திருப்புத்திறன் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். அரை மீட்டர் வெற்றிடத்தைத் தாங்கிய குழாய் ஒன்றரை மீட்டர் வெற்றிடத்தில் ஒன்பது மடங்கு வளைவிசையைத் தாங்க வேண்டும். வார்ப்பிரும்பு வளையத் தெரியாத உலோகம். ஒரு நாள் அது கரும்பு முறிவதுபோல வட்டமாக முறிகிறது.

வேப்ப மரத்தடிப் புதிருக்கு விடை இங்கே கிடைத்துவிட்டது. முதல் துளையை மட்டும் மிஸ்திரி அடைத்தார். ஐந்து மாதமாக ஒழுக்கு அரித்திருந்த படுக்கை அப்படியே இருந்தது. தோண்டியெடுத்த சேற்றையே அவர் மீண்டும் தள்ளினார், அது இறுகவில்லை. நோயாளியின் காயத்துக்குக் கட்டுப் போட்டோம், ஒடிந்த கட்டிலை மாற்றவில்லை. ஆகவே இரண்டு முழம் தள்ளி அவன் மீண்டும் விழுந்தான்!

துருவும் ஒரு தந்திரமும்

இரண்டாம் முறை தோண்டியபோது நான் அருகில் நின்றேன். மிஸ்திரி வயதானவர், நாற்பது ஆண்டுகளாக இதே வேலை செய்பவர். உடைந்த துண்டு ஒன்றை எடுத்து, "தம்பி, இது நல்ல குழாயா, கெட்ட குழாயா?" என்று இந்தியில் கேட்டார். வடிவம் மாறவில்லை, பருமனும் குறையவில்லை. "நல்லதுதான்" என்றேன். அவர் பையிலிருந்து கத்தியை எடுத்துச் சுரண்டினார். பென்சில் ஊசியைச் சீவுவதுபோலக் கரிய தூள் உதிர்ந்தது.

அது பென்சிலில் உள்ள அதே பொருள்தான்: கிராபைட். வார்ப்பிரும்பில் இரும்போடு கரியும் கிராபைட் செதில்களாகக் கலந்திருக்கும். ஈரமண்ணில் இரும்பு மட்டும் மெல்லக் கரைந்து போக, கிராபைட்டும் துருவும் பழைய வடிவத்திலேயே நிற்கின்றன. பார்வைக்குக் குழாய், உள்ளே பென்சில் தூள்! மண் இறுக்கிப் பிடித்திருக்கும் வரை இத்தகைய குழாய்கூடப் பல ஆண்டுகள் நீரைத் தாங்கும். படுக்கை நழுவினாலோ தாங்காது.

ஒழுக்கு இந்தத் துருவையும் விரைவுபடுத்துகிறது. ஓர் இடத்து மண் எப்போதும் ஈரம், அடுத்த இடத்து மண் உலர்ந்து காற்றோட்டமாக இருந்தால், ஒரே குழாயின் இரு பகுதிகளுக்கிடையே சிறு மின்கலம் உண்டாகிறது. ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் பகுதியே மின்வாயாகி இரும்பை இழக்கிறது. வறண்ட பாதையின் நடுவே ஓர் ஈரத்திட்டு என்பது, பூமிக்கடியில் நாமே வைத்துவிட்ட பாட்டரி எனலாம்.

குழாய் வெறும் முதுமையால் சாவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிரான்சு நாட்டு வெர்சேல்ஸ் அரண்மனைப் பூங்காவுக்காக 17ஆம் நூற்றாண்டில் பதித்த வார்ப்பிரும்புக் குழாய்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டன. நல்ல மண்ணும் நல்ல பராமரிப்பும் இருந்தால் இரும்பு பல தலைமுறைகளைக் காணும்.

பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காதே எனலாம். மெய்தான்; ஆயினும் அதற்கு வேறு நோய் உண்டு. அதில் நீளவாட்டில் விழும் விரிசல் அழுத்தம் ஏறும்போது வாய் திறக்கிறது. மாறாத வட்டத் துளையில் அழுத்தம் இருமடங்கானால் ஒழுக்கு 1.4 மடங்கே ஆகும். வாய் திறக்கும் விரிசலிலோ அது ஏறத்தாழ 2.8 மடங்கு வரை செல்லக்கூடும். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் விரிசலின் நுனி இன்னும் சிறிது முன்னேறுகிறது.

விட்டுவிட்டு வரும் தண்ணீர்

நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் குழாய்த் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. குழாய்க்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. காலியான குழாயில் நீர் பாயும்போது உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வந்து முட்டுகிறது. ஓடும் நீரைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று ரஷ்ய விஞ்ஞானி ஷுக்கோவ்ஸ்கி மாஸ்கோ நகரக் குழாய்களில் சோதித்து 1898இல் தம் முடிவை வெளியிட்டார். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை இரும்புக் குழாயில் சட்டென நிறுத்தினால் 100 மீட்டர் உயர நீருக்கும் மேற்பட்ட அழுத்தம் கணப்பொழுதில் எழும் என்பது அவருடைய விதியிலிருந்து வரும் கணக்கு. நாள்தோறும் திறந்து மூடும் குழாய் நாள்தோறும் சுத்தியலடி வாங்குகிறது. அடி எங்கே படும்? மெலிந்த இடத்தில்தான்.

தண்ணீர் நின்றபின் நிகழ்வது அதைவிட அஞ்சத்தக்கது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை துளை வழியே நீர் வெளியே செல்கிறது. அழுத்தம் போனபின் அதே துளை உள்ளே வரும் வாயிலாகிறது. சுற்றிலும் தேங்கிய சேற்று நீர் குழாய்க்குள் நுழைகிறது. வீட்டார் மோட்டார் வைத்துக் குழாயிலிருந்தே நேராக உறிஞ்சினால் இன்னும் விரைவாக நுழைகிறது. அருகில் கழிவுநீர்க் குழாய் கசிந்தால், அதுவும் நுழைகிறது. கிருமியைக் கொல்லப் போட்ட குளோரினும் அந்த அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடுகிறது.

கர்நாடகத்து ஹூப்ளி-தார்வாடில் நகரின் சில பகுதிகளுக்கு நாள் முழுவதும் தண்ணீர் தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. மற்றப் பகுதிகளுக்கு விட்டுவிட்டே வந்தது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளியாயிற்று. விட்டுவிட்டு வரும் பகுதிக் குழாய்நீர் மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், மலத்தால் மாசுபட்டதைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா இருந்தது. இடைவிடாமல் வரும் பகுதியிலோ நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

நம் விடுதியில் அக்டோபர் மாதம் நால்வருக்கு மஞ்சட்காமாலை கண்டது. பொங்கல் விழா நாடகத்தில் அரசன் வேடம் ஏற்பதாயிருந்த நண்பர் அவர்களில் ஒருவர். டிசம்பர்த் தேர்வை அவர் எழுதவில்லை, ஓராண்டு போயிற்று. ஊரிலிருந்து அவருடைய தந்தையார் இரண்டு நாள் ரயிலில் வந்து அழைத்துச் சென்றார். "படிக்க அனுப்பினோம், இப்படிக் கூட்டிக்கிட்டுப் போறோம்" என்று பிளாட்பாரத்தில் அவர் சொன்னதற்கு எனக்கு விடை தெரியவில்லை. வேப்ப மரத்தடி ஒழுக்கினால்தான் நோய் வந்தது என்று நான் நிரூபிக்க முடியாது. கிருமி உடலில் புகுந்து நோயாகத் தெரிய நான்கு வாரம் அளவில் ஆகுமாதலால், எந்த நாள் குடித்த எந்தத் தண்ணீர் என்று கூற எவராலும் இயலாது. ஆனால் இரண்டாம் முறை தோண்டிய குழியில், நம் தண்ணீர்க் குழாய்க்குச் சாண் தூரத்தில் கழிவுநீர்க் குழாய் ஒன்று கசிந்துகொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன்.

நாம் செய்யக்கூடியவை

பூமிக்கடியில் இருப்பதை எப்படி அறிவது என்று மலைக்க வேண்டாம். ஒழுக்கு பேசும். ஊர் உறங்கிய பின், குழாயில் தண்ணீர் இருக்கும் வேளையில், மிஸ்திரி ஒரு கழியின் ஒரு முனையை வால்வின்மேல் வைத்து மறுமுனையில் காதை வைப்பார். 'இஸ்' என்ற இடைவிடாத ஓசை கேட்டால் ஒழுக்கு உண்டு. இன்றைய கருவியும் இதே தத்துவந்தான். குழாயின் இரு இடங்களில் ஒலிவாங்கிகளை வைத்து, ஒரே ஓசை இரண்டையும் அடையும் நேர வித்தியாசத்தை அளக்கிறார்கள். அவற்றின் இடைவெளி 100 மீட்டர், குழாயில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,200 மீட்டர், நேர வித்தியாசம் ஐம்பதில் ஒரு வினாடி என்றால், பாதை வித்தியாசம் 24 மீட்டர். எனவே ஒழுக்கு ஒரு முனையிலிருந்து 38 மீட்டரில், மறுமுனையிலிருந்து 62 மீட்டரில் இருக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் ஓசை விரைவில் அடங்கிவிடுவதால் அங்கே கருவிகளை நெருக்கமாக வைக்க வேண்டும்.

கருவி இல்லாத நாமும் சில செய்யலாம். விடுமுறை இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டிக்கு நீர் வரும் வால்வையும் அடைத்து, நீர்மட்டத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்துக் காலையில் பார்க்கலாம். மட்டம் இறங்கியிருந்தால், தொட்டிக்கும் நம் குழாய்களுக்கும் இடையே எங்கோ ஒழுகுகிறது. மழையில்லாத நாளில் ஓரிடம் மட்டும் ஈரமாயிருந்தால், புல் ஓரிடத்தில் மட்டும் பச்சையாயிருந்தால், பாதையில் ஓரிடம் மட்டும் அமிழ்ந்தால், அன்றே எழுதிக் கொடுக்கலாம். நாளும் இடமும் குறித்து ஒரு நகலும் வைத்துக்கொள்ளலாம். பழுது பார்க்கும்போது அருகில் நின்று, சேற்றை அகற்றிப் புது மணலிட்டுக் குழாயின் அடியிலும் இருபுறமும் கெட்டிக்கிறார்களா என்று கேட்கலாம். துளையை அடைப்பது பாதி வேலை. படுக்கையைத் திருத்துவதே மீதிப் பாதி. பழுது பார்த்த பிறகு முதலில் வரும் நீரைக் கீழே விட்டுவிட்டு, சில நாட்கள் கொதிக்கவைத்துக் குடிப்பதும் நலம்.

தமிழில் ஒழுக்கு என்னும் சொல்லுக்கு நடத்தை என்றும் பொருள் உண்டு. சென்ற கோடையில் மண்ணுக்கடியில் ஓர் ஒழுக்கு இருந்தது; மேலே நடந்த நம்மிடமோ மற்ற ஒழுக்கு இல்லை. ஏப்ரலில் நான் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பொங்கலுக்கு ஊர் சென்றபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணல் சுழல்வதையும், குழாய் பாலமாவதையும், இரும்பு பென்சிலாவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இதைத்தானேடா நான் அன்னைக்கே சொன்னேன்?" என்றார்.

இப்போது விளையாட்டுத் திடலின் வடமூலையில், ஒலிபெருக்கிக் கம்பத்தருகே, ஒரு சிறு ஈரத்திட்டு தெரிகிறது. மழை பெய்து இரண்டு வாரமாயிற்று. நேற்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நண்பர்கள் அவ்வழியே செல்லும்போது தாண்டிச் செல்லாமல் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். அடுத்த வாரமும் ஈரம் காயாமல் இருந்தால், இரண்டாவது மனுவில் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திடுவோம்.